கண்ணாடியைத் தின்னும் அமிலமும் ஜமீலா டீச்சரும்

செவ்வாய்க்கிழமை காலை மருந்துக்கடையின் ஷட்டரை முழுக்கத் தூக்கும் முன்பே ஃபோன் அடித்தது. ஃபரீதாவின் எண். ஜமீலா டீச்சரின் மகள் என்னைக் காலை நேரத்தில் ஒருநாளும் அழைத்ததில்லை. நான் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திருப்பி அழைக்கக் கை வரவில்லை. மறுபடியும் அடித்தது. "அம்மா போயிட்டாங்க மாமா," என்றாள். விடியற்காலையில் தொழுதுவிட்டுச் சற்றுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். அடக்கம் இன்றைக்கே, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, பாலக்காட்டில். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். என் வாயில் முதலில் வந்த பெயர் செல்லத்துரை. அவருக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் அவரிடம் நான் சொல்லவேண்டியது இன்னொன்றும் இருப்பது நினைவுக்கு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மீனாட்சிபுரம் வாசகசாலையில் டீச்சருக்காக நாம் கூடியபோது என்னைப் பேச அழைத்தீர்கள். எழுந்து நின்று, இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் பேச முடியவில்லை என்று பலர் நினைத்தீர்கள். காரணம் அது மட்டுமில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே, இந்த நினைவு மலரில், எழுதுகிறேன்.

டீச்சர் பாலக்காட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் ராவுத்தர் குடும்பத்துப் பெண். நம் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடம் வேதியியல் நடத்தினார். ஓய்வு பெறும்வரை என் கடைக்கு அடுத்த தெருவில்தான் குடியிருந்தார். எங்கள் பழக்கம் ஒரு சளி மாத்திரையில் தொடங்கியது. நான் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் என் அலமாரியை வாசித்துக்கொண்டிருந்தார். பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசின், மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்செட்டின் என்று ஒவ்வொன்றாக விரலால் காட்டி, இந்தப் பெயர்களில் எல்லாம் ஃப்ளூ, ஃப்ளாக்ஸ் என்று வருகிறதே, அது என்னவென்று தெரியுமா என்று கேட்டார். இருபது வருடமாக அந்த அட்டைகளைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். தெரிந்ததுபோல் தலையாட்டினேன். தெரியாது என்று கண்டுகொண்டார்.

ஃபுளோரின் என்ற தனிமத்தைப் பற்றி அன்றைக்கு நின்றவாக்கில் பத்து நிமிடம் சொன்னார். தனியாக இருக்கும்போது அது வெளிர்மஞ்சள் நிற வாயு. பார்க்கிற எதையும் பிடித்து இழுக்கும், தண்ணீரைக்கூட எரிக்கும். அதைத் தனியாகப் பிரித்தெடுக்கப் போய் ஒரு காலத்தில் வேதியியலாளர்கள் சிலர் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள், சிலர் செத்தே போனார்கள். ஆனால் ஒன்றோடு சேர்ந்துவிட்டால் லேசில் விடாது. தோசை ஒட்டாத சட்டியின் கறுப்புப் பூச்சு அதனால்தான் எதையும் தன்மேல் ஒட்டவிடுவதில்லை. பற்பசையில் துளியளவு இருந்தால் பல்லைக் காக்கும். குடிதண்ணீரில் அளவு மிஞ்சினால் அதே பல்லைக் கெடுக்கும். "தனியா இருந்தா அவனைப்போல முரடன் இல்லை, யாரையாவது பிடிச்சுட்டா அவனைப்போல விசுவாசி இல்லை," என்றார். அந்த வாக்கியத்தை அவருடைய மாணவர்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

அதற்கு அடுத்த வருடம் கோபாலபுரம் போகிற சாலையில் இருந்த பழனிச்சாமியின் கண்ணாடிப் பட்டறைக்கு, ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்க டீச்சர் போயிருந்தார். குளியலறைக்கும் கதவுக்கும் போடுகிற, பூவேலை செய்த மங்கல் கண்ணாடி அங்கே தயாரானது. போனவர் கண்ணாடி வாங்காமல் நேராக என் கடைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. பட்டறையில் பெயரெழுதாத பிளாஸ்டிக் கேன்கள் இருக்கின்றன, தொட்டிக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் யாரும் வேலை செய்யாமலே மங்கல் ஏறியிருக்கிறது, ஆட்கள் கிழிந்த கையுறை போட்டுக்கொண்டு அதற்குள் கையை விடுகிறார்கள் என்றார். பழனிச்சாமியிடம் கேட்டதற்கு, கண்ணாடி ஆசிட்தானுங்க, தண்ணி கலந்ததுங்க, ஒண்ணும் ஆகாதுங்க என்று சிரித்தாராம்.

அது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கண்ணாடியையே தின்னும் என்பதால்தான் பிளாஸ்டிக் கேனில் வருகிறது. கால்சியம் குளுகோனேட் களிம்பு என் கடையில் இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். அப்படி ஒரு களிம்பு வாங்க இந்த ஊரில் யாரும் வந்ததில்லை. "ஏனுங்க டீச்சர், இதை இங்க யாரு வாங்கப் போறாங்க?" என்றேன்.

"யாரும் வாங்க வரக்கூடாதுன்னுதான் நானும் கேட்டுக்கறேன். ஆனா இருக்கணும் கதிர்."

மருந்துப் பொடியை வழுவழுப்பான ஜெல்லியில் கலந்து இரண்டு டப்பா செய்தேன். பக்கத்தில் நின்று அளவு பார்த்தார். 'கண்ணாடி ஆசிட் பட்டால்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டி, என் குளிர்பெட்டியின் மேல்தட்டில் அவரே வைத்தார். போகும்போது ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம் என்றார். மற்ற ஆசிட் பட்டால் பட்ட நொடியே கத்துவார்கள். இது தண்ணீர் கலந்ததாக இருந்தால் முதலில் வலிக்காது, மணிக்கணக்கு கழித்துத்தான் வலிக்கும், அதற்குள் ஆழத்துக்குப் போயிருக்கும். நான் நன்றாகத் தலையாட்டினேன்.

செல்லத்துரை அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர். அப்போது நாற்பது வயதிருக்கும். இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். மனைவியின் அண்ணனுக்குக் காந்தலூரில் கொஞ்சம் காய்கறி நிலம் இருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு, இவர் மட்டும் கீழே இறங்கி வந்து பட்டறையிலேயே தங்கியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் நல்ல கூட்டம். செல்லத்துரை ஓரமாக நின்று வலது கையைக் காட்டினார். "காலையில ஆசிட் பட்டுச்சு சார். அப்ப ஒண்ணுந் தெரியல. இப்பத்தான் எரியுது," என்றார். இரண்டு விரல் லேசாகச் சிவந்திருந்தது. டீச்சர் சொன்ன அத்தனையும் அந்த மூன்று வாக்கியத்தில் இருந்தன. எந்தப் பட்டறை ஆள் என்றும் எனக்குத் தெரியும். குளிர்பெட்டி என் முதுகுக்குப் பின்னால் நான்கடி தூரத்தில். நான் தீப்புண்ணுக்குப் போடுகிற வெள்ளைக் களிம்பையும் வலி மாத்திரையையும் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கினேன்.

மூன்று மணி சுமாருக்கு மறுபடியும் வந்தார். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. விரல்கள் செத்த மீனின் வயிறுபோல வெளுத்து, நகத்தைச் சுற்றி நீலம் பாரித்திருந்தன. எலும்புக்குள் ஆணி இறக்குகிறாற்போல் இருக்கிறது, இன்னும் பெரிய மாத்திரையாகக் கொடுங்கள் என்றார். சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பள்ளிக்கு ஃபோன் செய்தேன். வகுப்பிலிருந்து டீச்சரை அழைத்துவர எடுத்த இரண்டு நிமிடமும் செல்லத்துரை என் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். டீச்சர் எதுவும் விசாரிக்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், கையுறை இல்லாமல் அவரைத் தொடாதீர்கள், களிம்பை அப்புங்கள், கையுறைக்குள் களிம்பை நிரப்பி அதற்குள் கையை விடச் சொல்லுங்கள், காரை எடுத்து வையுங்கள் என்றார். பத்தே நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். நான் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது. செல்லத்துரையின் விரலிடுக்கில் வெள்ளைக் களிம்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"மத்தியானமே வந்தாரா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டாவது டப்பாவையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

பொள்ளாச்சிதான் பக்கம், ஆனால் கேரள எல்லையைத் தாண்டவேண்டும். எல்லைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வளைவுவரை நின்றன. நான் மண்ணில் இறக்கி எதிர்ப்பக்கமாக ஓட்டினேன். ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி மறித்துச் சாவியைக் கேட்டார். டீச்சர் கண்ணாடியை இறக்கி, இந்த ஆளின் இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று மலையாளத்தில் சொன்னார். கத்தவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரல். போலீஸ்காரர் செல்லத்துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு விலகினார். இதயம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கே விஷயத்தின் கனம் தெரிந்தது. அந்த அமிலம் தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கிக் கால்சியத்தைத் தேடிப் போகிறது. எலும்பில் இருப்பதையும் எடுக்கும், ரத்தத்தில் இருப்பதையும் எடுக்கும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயம் தாளம் தப்பும். டப்பாவில் இருந்த கால்சியம் அதற்கு நாம் வைக்கிற இரை. எலும்பை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள் என்று கொடுப்பது.

பின் இருக்கையில் டீச்சர் கையுறைக்கு மேலாக அந்த விரல்களை விடாமல் நீவிக்கொண்டிருந்தார். செல்லத்துரை கேட்டார்: "டீச்சர், கைய எடுத்துருவாங்களா?"

"தெரியலை செல்லத்துரை. தெரியாததைச் சொல்ல மாட்டேன். இதை விடாம தேய்ச்சா நல்லதுன்னு தெரியும். தேய்க்கறேன்."

பொள்ளாச்சியில் நாங்கள் நுழைந்த ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். விரலைப் பார்த்துவிட்டு, சின்னக் காயம்தான், கட்டுப் போட்டு அனுப்பிவிடலாம் என்று நர்ஸிடம் சொன்னார். டீச்சர் நகரவில்லை. இது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், பட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஈசிஜி எடுங்கள், கால்சியம் பாருங்கள் என்றார். நீங்கள் டாக்டரா என்று அவர் கேட்டார். இல்லை, கெமிஸ்ட்ரி டீச்சர் என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் நின்றார். எரிச்சலோடுதான் ஈசிஜி எடுக்கச் சொன்னார் டாக்டர். தாள் வெளியே வர வர அவர் முகம் மாறியது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, பெரிய டாக்டருக்கு ஃபோன் செய்தார். பிறகு ஓட்டமும் ஊசியுமாக இருந்தது. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காலி டப்பா இரண்டையும் டீச்சர் இன்னும் மடியில் வைத்திருந்தார்.

செல்லத்துரை பிழைத்தார். கையும் தப்பியது. ஆள்காட்டி விரலில் மேல் கணு மட்டும் போயிற்று. மூன்று மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று பெரிய டாக்டர் டீச்சரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் நடத்தினீர்கள். சமயத்தில் மருந்து வைத்திருந்து ஓர் உயிரைக் காப்பாற்றியவன் என்று வாசகசாலையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். டீச்சர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கை தட்டினாரா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. கூட்டம் முடிந்து நடந்து போகும்போது, "அந்த மூணு மணி நேரத்தைப் பத்தி அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும் கதிர். நான் சொல்ல மாட்டேன்," என்றார். சரிங்க டீச்சர் என்றேன். செல்லத்துரை மலைக்குத் திரும்பி, மைத்துனரோடு பூண்டு போட ஆரம்பித்தார். ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை பூண்டு பஸ்ஸில் என் பெயருக்கு வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

பட்டறை விவகாரம் அதோடு ஓயவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு குழியில்தான் கழிவைக் கொட்டினார்கள். குழிக்கு அப்பால் ஒரு தெரு, தெருவுக்கு ஒரே ஆழ்குழாய்க் கிணறு. அந்தத் தெருப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு இருப்பதை டீச்சர் வகுப்பில் கவனித்திருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற நிலைமையில் இருந்தார் அப்போது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பட்டறைக் கழிவுதான் தண்ணீரைக் கெடுக்கிறது என்று பஞ்சாயத்துக்கு அபேட்சை மனு எழுதிக் கொடுத்தார். கிராம சபையிலும் எழுந்து சொன்னார். மறுநாளே தெருக்காரர்கள் பட்டறை வாசலில் கல்லைப் போட்டு மறித்தார்கள். வேலைக்கு வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். பழனிச்சாமியின் வீட்டு ஜன்னலை யாரோ உடைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் தண்ணீரைச் சோதித்தார். இந்த வரிசை தவறு என்று பின்னால் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பிளாஸ்டிக் பாட்டில்களில் மட்டும் தண்ணீர் பிடித்தோம். நான் வண்டி ஓட்டினேன். என் கடையின் பின்னறையில் வைத்துச் சோதனைச் சொட்டு மருந்தை விட்டுத் தண்ணீரை இளஞ்சிவப்பாக்குவார். இளஞ்சிவப்பு நிறம் அப்படியே நின்றால் நல்ல தண்ணீர். மஞ்சளாக மாற மாற ஃபுளோரைடு கூடுதல். பட்டறைத் தெருத் தண்ணீர் விட்ட உடனே மஞ்சளாயிற்று. டீச்சர் திருப்தியாகத் தலையசைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க மற்ற இடங்களிலும் எடுப்போம் என்றார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பட்டறைக்கு மேட்டுப் பக்கம் இருந்த ஆழ்குழாயின் தண்ணீரும் மஞ்சளாயிற்று. இன்னும் தள்ளி எடுத்ததும் மஞ்சள். ஒரு பழைய திறந்த கிணற்றுத் தண்ணீர் மட்டும் நிறம் மாறாமல் இருந்தது.

அன்று கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க சரசு வந்தாள். பட்டறைத் தெருவிலேயே பிறந்து, அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். முப்பது வயது தாண்டியிருக்கும். எதற்கோ சிரித்தாள். அவள் பல்லிலும் அதே பழுப்புக் கோடு. டீச்சர் அவளை உட்காரவைத்து, எத்தனை வயதிலிருந்து இப்படி என்று கேட்டார். "பல்லு முளைச்சதுல இருந்தே இப்படித்தானுங்க டீச்சர். எங்கம்மாளுக்கும் இப்படித்தான்," என்றாள் சரசு.

அவள் போனபிறகு டீச்சர் மஞ்சளான பாட்டில்களைத் திரும்ப வரிசையாக வைத்துப் பார்த்தார். பல்லில் அந்தக் கோடு விழுவது குழந்தைப் பருவத்தில், ஈறுக்குள் பல் உருவாகும்போது. பட்டறை வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. முப்பது வயதுக்காரியின் பல்லுக்கு அது எப்படிக் காரணமாகும்? ஃபுளோரைடு நம் பூமிக்கு அடியில் பாறையிலேயே இருக்கிறது. ஆழமாகத் துளைக்கத் துளைக்க அதிகமாகக் கரைந்து வருகிறது. "இத்தனை வருஷம் என் கண்ணு முன்னாடியே இருந்த பல்லு கதிர். பார்க்காம பேசிட்டேன்," என்றார்.

இதை இப்போதைக்கு வெளியே சொல்லவேண்டாம் என்று நான் கெஞ்சினேன். பழனிச்சாமிக்கு அதுவே சாக்காகிவிடும், செல்லத்துரையின் விரலுக்கும் பதில் சொல்லாமல் தப்பிவிடுவார் என்றேன். டீச்சர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"கை வெந்தது அவனால. தண்ணி கெட்டது அவனால இல்லை. ரெண்டையும் ஒண்ணாக் கட்டினா, ஒண்ணு அவிழும்போது மத்ததும் அவிழ்ந்துடும்."

அடுத்த கிராம சபைக்குப் பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி வழிந்தது. பட்டறையை இழுத்து மூடத் தீர்மானம் போடப்போகிறார்கள் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். பழனிச்சாமி கடைசி வரிசையில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். பஞ்சாயத்து மெம்பர், டீச்சரைப் பேச அழைத்தார். டீச்சர் கையில் தாள் எதுவும் இல்லாமல் போய் நின்றார். "போன தடவை நான் சொன்னது தப்பு," என்று ஆரம்பித்தார்.

எல்லாப் பக்கமும் ஆட்கள் எழுந்தார்கள். யார் மிரட்டினார்கள் டீச்சர் என்று ஒருவர் கேட்டார். பேச்சு மாறிவிட்டது, அவர்கள் ஜாதி வேறு புத்தி வேறு என்று இன்னொருவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. டீச்சருக்கும் கேட்டிருக்கும். ஒரு நாற்காலி முன்வரிசைவரை பறந்து வந்து விழுந்தது. நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேனா என்றால், இல்லை. உட்கார்ந்த இடத்தில் இருந்தேன்.

அவர் காத்திருந்தார். சத்தம் தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒரு தெருக் கிணறு மட்டுமில்லை, தான் சோதித்த எல்லா ஆழ்குழாய்களிலும் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருக்கிறது, காரணம் பாறை, பட்டறை இல்லை என்றார். பட்டறைக் குழியும் ஆபத்துதான், அதை மூடவேண்டும், கையுறையும் மருந்தும் இல்லாமல் அங்கே யாரும் வேலை செய்யக்கூடாது, அது தனிக் கணக்கு என்றார். அப்போது ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு எழுந்து, நாங்கள் பிள்ளைக்குக் கொதிக்கவைத்துத்தானே கொடுக்கிறோம் என்று கேட்டாள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும் என்றார் டீச்சர். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரசுவின் தாய் எழுந்து, "ஊரெல்லாம் தெரிஞ்சா எம் பேத்தியை யாரு டீச்சர் கட்டிக்குவாங்க? உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீங்க," என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று டீச்சர் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் பாதி ஊர் அவரோடு பேசவில்லை. சாணி கரைத்து அவர் வாசலில் ஊற்றினார்கள். பாலக்காட்டுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று நான் சொன்னேன். தண்ணீர் வரட்டும், போகிறேன் என்றார். அபேட்சை மேல் அபேட்சையாக எழுதினார். பழைய தவறான அபேட்சையின் நகலையும் ஒவ்வொன்றோடும் சேர்த்து வைத்து, இது நான் செய்த பிழை என்று குறிப்பு எழுதுவார். முதலில் லாரித் தண்ணீர் வந்தது. பிறகு அணைத் தண்ணீருக்குக் குழாய் போட்டார்கள். குடிக்கக்கூடாதென்று ஆழ்குழாய்களின் கைப்பிடிகளுக்குச் சிவப்பு அடித்தார்கள். சரசுவின் கடைசிப் பிள்ளைக்கு இப்போது பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்திருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், வெள்ளையாக இருக்கிறது. பழனிச்சாமி குழியை மூடி, ஆசிட்டை விட்டுவிட்டு மங்கல் ஸ்டிக்கர் ஒட்டும் வேலைக்கு மாறினார். செல்லத்துரையின் வைத்தியச் செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். டீச்சரிடம் கடைசிவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அடக்கத்தன்று வெயிலில் பள்ளிவாசலுக்கு வெளியே வந்து நின்றிருந்தார்.

நானும் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அஸர் முடிந்து டீச்சரின் உடலைத் தூக்கி வந்தார்கள். எத்தனையோ பேர் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். நானும் பத்தடி தூரம் கொடுத்தேன்.

செல்லத்துரை காந்தலூரில் செய்தி கேட்டதும் கிளம்பியும், மூன்று பஸ் மாறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஃபரீதாவைப் பார்த்துவிட்டு வந்தவரை நான் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். டீச்சரும் நீங்களும் இல்லையென்றால் நான் இல்லை சார் என்றார் அவர். எட்டு வருடமாகக் கேட்டு விழுங்கிய வாக்கியம். இந்தமுறை விழுங்க முடியவில்லை.

சொன்னேன். மத்தியானம் நீங்கள் வந்தபோதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், டீச்சர் எல்லாம் சொல்லியிருந்தார், மருந்து எனக்குப் பின்னால் இருந்தது, கூட்டத்தில் நான் காது கொடுக்கவில்லை, அந்த மூன்று மணி நேரத்தில்தான் உங்கள் விரல் போயிற்று என்று வரிசையாகச் சொன்னேன்.

செல்லத்துரை தன் கையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எதிரே அவர் ஏறவேண்டிய, உடுமலை போர்டு போட்ட பஸ் ஒன்று வந்து நின்று, ஆளேற்றிக்கொண்டு போயிற்று. பிறகு கேட்டார்: "இத்தன வருஷம் ஏன் சார் சொல்லல?"

"பயமுங்க," என்றேன். "பொன்னாடை வேற போத்திட்டாங்க."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. நான்தான் உங்ககிட்டச் சொல்லணும்னு எங்கிட்டச் சொன்னாங்க. நான் சொல்லலைங்க."

அடுத்த பஸ் வந்ததும் எழுந்துகொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பஸ் திரும்பும்வரை நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. மறுநாள் காலை ஒரு ஃபோன் வந்தது. "வீடு வந்து சேந்துட்டேன் சார்," என்றார். பிறகு வைத்துவிட்டார்.

அந்தப் பொன்னாடையை வாசகசாலைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார். இதை எழுதித் தருகிறேன், மலரில் போடுங்கள் என்றேன்.

ஜமீலா டீச்சரிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வேதியியலில் பாதி மறந்துவிட்டது. அவருடைய தைரியம் எனக்கு வராது, நாற்காலி பறந்த அன்றே அது தெரிந்துபோயிற்று. ஆனால் நிறைந்த மண்டபத்தில், தன்னை நம்பி வந்த முகங்களைப் பார்த்து, 'நான் சொன்னது தப்பு' என்று முதல் வாக்கியமாகச் சொன்னாரே, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். எட்டு வருடம் தாமதமாகத்தான் என் வாயில் வந்தது. வந்துவிட்டது டீச்சர்.